நாய்க்குப் பயந்த குடும்பமும் ஒரு கேமராவும்

போன வருஷம் பிப்ரவரியில் என் மகளின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். அந்த வீடு வென்ட்வொர்த்வில்லில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. பரிசுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். கேட்டைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு லாப்ரடார் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவ்வளவுதான். என் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு அவள் போட்ட அலறலில் உள்ளே பாட்டே நின்றுவிட்டது. அந்த வீட்டு அம்மா நாயைப் பின்பக்கம் கொண்டுபோய் அடைத்துவிட்டு வந்து எவ்வளவோ கூப்பிட்டார். மகள் அசையவில்லை. பரிசை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தோம்.

பாதி வழியில் அழுகை நின்றதும் கேட்டாள்: "அப்பா, நாய் வந்தப்போ நீங்களும்தான பின்னால போனீங்க?"

போனேன். மறுக்க முடியாது.

இது நாய்களைப் படம் எடுப்பது பற்றிய கட்டுரை. நாய்கள் ஓடுகிற, ஆடு ஓட்டுகிற, வேஷம் கட்டுகிற இடங்களுக்கு ஒரு வருஷமாகக் குடும்பத்தோடு போய்வந்த கதை. சிட்னி, மெல்பன், மெல்பனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் என்று அலைந்தோம். ஆனால் எல்லாம் தொடங்கியது அந்த வாசலில்தான்.

பயம் வந்த வழி

எட்டு வயதில் நான் சிட்னிக்கு வந்தேன். அம்மாவுக்குப் பிறந்த ஊர் மானாமதுரை பக்கம். அம்மாவின் தம்பியை, அதாவது என் மாமாவை, சின்ன வயசில் தெருநாய் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பல காலம் தயாரித்தார்கள். தினமும் மாமாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது அம்மாதான். அவன் கத்துகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பாள்.

அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. உலகத்தில் ரேபிஸால் நேரும் சாவுகளில் 36 சதவீதம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாயைக் கண்டால் ஒதுங்கு என்று பிள்ளைக்குச் சொல்லாத தாய்தான் அங்கே பொறுப்பில்லாதவள்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் ரேபிஸ் கிடையாது. நோய் எங்களோடு விமானம் ஏறவில்லை, பயம் ஏறிவிட்டது. நடைபாதையில் நாய் வந்தால் அம்மா என் கையை இழுத்தாள். இருபத்தைந்து வருஷம் கழித்து அதே இழுப்பை நான் என் மகளின் கையில் இழுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து "நாய்க்குப் பயப்படு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கை சொல்லிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். நாயாக இல்லாவிட்டால் தண்ணீராக இருக்கும், இருட்டாக இருக்கும்.

இதில் வேடிக்கை, அப்பா வழியில் நாங்கள் நாய் வளர்த்தவர்கள். ராஜபாளையம் பக்கம் தாத்தாவின் மாந்தோப்புக்குக் காவல், அந்த ஊர்ப் பெயரே கொண்ட வெள்ளை நாய். அதற்கென்று ஒரு படம்கூட இல்லை. சித்தப்பா கல்யாண ஆல்பத்தில் பந்தக்கால் ஓரமாக ஒரு வெள்ளை வால் மட்டும் தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் நாய்க்கு இருக்கும் ஒரே புகைப்படம் அந்த வால்தான்.

ஆர்ச்சர்ட் ஹில்ஸ்: 900 படம், ஒன்றும் உருப்படியில்லை

பிறந்தநாள் கதையை ஆபீஸில் சொன்னபோது, பார்டர் கோலி வளர்க்கும் சக ஊழியர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் ஹில்ஸ் வாங்க. வேலி இருக்கு. வெளியே நின்னு படம் எடுங்க, போதும்" என்றார். மகள் பிறந்தபோது வாங்கிய கேமரா என்னிடம் இருந்தது. 70-200 லென்ஸ் ஒன்றையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். தூரத்தில் நிற்க அது நல்ல சாக்கு.

ஆர்ச்சர்ட் ஹில்ஸ் சிட்னிக்கு மேற்கே, பென்ரித் போகிற வழி. எம்4 நெடுஞ்சாலையில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். டாக்ஸ் என்எஸ்டபிள்யூ அமைப்பின் பில் ஸ்பில்ஸ்டெட் வளாகம் அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி, கூடாரங்கள், மடக்கு நாற்காலிகள், ஒவ்வொரு கார் பின்னாலும் ஒரு கூண்டு. நம்ம ஊர்ச் சந்தை மாதிரி ஒரு களை. அன்று நடந்தது அஜிலிட்டி போட்டி.

அஜிலிட்டி என்பது நாய்களுக்கான தடை ஓட்டம். தாண்டும் கம்பிகள், துணிக் குழாய், ஏறி இறங்கும் சாய்வுப் பலகை, சீசா, வரிசையாக நட்ட கழிகள் எல்லாம் உண்டு. கழிகளுக்கு இடையே நாய் பாம்பு போல நெளிந்து போக வேண்டும். முதல் கழி அதன் இடது தோள் பக்கம் இருந்தால்தான் சரியான நுழைவு. நாயின் உயரத்தைப் பொறுத்துக் கம்பியை 200 மில்லிமீட்டரிலிருந்து 600 வரை வைப்பார்கள். கூட ஓடுபவர் நாயைத் தொடக்கூடாது. களத்துக்குள் தின்பண்டமும் கிடையாது. கை காட்டலாம், குரல் கொடுக்கலாம். 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் காட்சியில் இடைவேளையை நிரப்பச் செய்து காட்டிய வித்தை இன்று உலகம் முழுக்க விளையாட்டு.

அன்றைக்கு 900 படம் எடுத்தேன். வீட்டில் போய்ப் பார்த்தால் பாதியில் நாயின் பின்பாகம், மீதியில் காலிக் கம்பி. ஷட்டர் வேகம் குறைவு என்று நினைத்து அடுத்த வாரம் 1/2000 நொடிக்கு ஏற்றினேன். படம் கூர்மையாக வந்தது, ஆனால் கூர்மையான பின்பாகம்.

அப்புறம்தான் புரிந்தது, சிக்கல் கேமராவில் இல்லை. நாய் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பொத்தானை அமுக்கினால் தாமதம். அது எங்கே வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கம்பியின் மேல் ஃபோகஸை வைத்துக் காத்திருக்க வேண்டும். நாய் பின்னங்கால்களை வயிற்றுக்குள் இழுத்து, தலையைத் தாழ்த்தி, கண் கம்பியை விட்டு அடுத்த தடைக்குப் போகிற அந்தக் கணத்தில் அமுக்கினால் நாய் காற்றில் நிற்கும்.

அதற்கு நாயை வாசிக்கணும். காது எந்தப் பக்கம் திரும்புது? எடை எந்தக் காலில் இருக்கு? வால் இடப்பக்கம் சாய்ந்தால் எந்தப் பக்கம் வளையப் போகுது? முப்பது வருஷமாக நான் நாயைப் பார்த்ததே இல்லை என்று அன்று தோன்றியது. நாய் என்று தெரிந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டவனுக்கு அதன் காது எப்படித் தெரியும்?

மகள் மடக்கு நாற்காலியில் முறுக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது வாரம், கேமரா எதுவும் இல்லாமலே, "இப்ப லெஃப்ட்ல திரும்பும் பாருங்க" என்றாள். திரும்பியது. அப்புறம் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னாள். நாய் அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்துபோனதும் அவள் நாற்காலி தானாக வேலிப் பக்கம் நகர ஆரம்பித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தேன்.

முயல நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் போடாதீங்க, ஓடுகிற நாய் மிரளும், விழுந்தால் அடிபடும். களத்தின் ஓரத்துக்குப் போகும் முன் நடத்துபவர்களிடம் கேளுங்கள். படத்தில் விழும் மற்றவர் பிள்ளைகளை வெளியில் போடாதீங்க. கறுப்பு நாய் சட்டத்தை நிரப்பினால் கேமரா அதைச் சாம்பலாக்கும். வெளிச்சத்தை ஒரு படி குறைக்கணும். வெள்ளை நாய்க்கு நேர் எதிர், கூட்டணும். இதைப் படித்த அன்று தாத்தாவின் நாய் ஞாபகம் வந்தது. எவராவது எடுத்திருந்தாலும் ஒரு சாம்பல் நாயாகத்தான் வந்திருக்கும்.

ஈஸ்டர் ஷோ: வேலி இல்லாத இடம்

அடுத்து வந்தது சிட்னி ராயல் ஈஸ்டர் ஷோ. எங்கள் பக்கத்துப் பாரமட்டாவில்தான் 1823-இல் முதல் காட்சி நடந்தது. 1882 முதல் மூர் பார்க்கில் நடந்து, 1998-இல் ஹோம்புஷ் ஒலிம்பிக் பார்க்குக்கு மாறியது. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு ஈஸ்டர் ஷோ என்றால் ராட்டினமும் ஷோபேகும்தான். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. நாய்க் கூடத்துப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

அங்கே வேலி இல்லை. அழகுப் போட்டிக்கு வந்த நாய்கள் மேஜை மேல் நின்று சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்தன. ஒரு வயதான பெண்மணி, ஆளுயரத்துக்கு நின்ற தன் டீர்ஹவுண்டைப் பிடித்தபடி, மகள் அம்மா முந்தானைக்குள் ஒளிவதைப் பார்த்தார். நாயைக் கொண்டுவரவில்லை. தானே வந்து குனிந்து மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார். முதலில் என்னிடம் கேள். அப்புறம் நாயிடம் கேள்: கையைத் தொங்கப்போட்டுப் பக்கவாட்டில் நில், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும். வந்தால் நெஞ்சிலோ விலாவிலோ தடவு. தலைக்கு மேல் கை கொண்டுபோகாதே. வராவிட்டால் அதுதான் பதில், விட்டுவிடு.

"நாயிடம் கேள்" என்பது மகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டாள். டீர்ஹவுண்ட் வந்து மோந்துவிட்டுப் போய்விட்டது. "வேணாம்னு சொல்லிருச்சு" என்றாள், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

"நம்ம தாத்தா நாய் எங்க இருக்கு?" என்று அன்று தேடினாள். கண்ணில் படவில்லை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். போனில் அதைக் காட்டினேன். ஸ்டாம்ப் அளவுக்காவது ஒரு முழு நாய் கிடைத்தது.

காஸ்டர்ட்டன்: அம்மாவும் வந்தாள்

ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் நீண்ட வார இறுதி. மெல்பன் கிளேட்டனில் இருக்கும் அத்தை மகன் வீட்டில் தங்கி, காஸ்டர்ட்டன் போகலாம் என்று திட்டம். "நாயைப் பாக்க நாலு மணி நேரம் கார்லயா?" என்ற அம்மா, தனியாக வீட்டில் இருப்பதா வருவதா என்று யோசித்துவிட்டுப் புளியோதரையோடு ஏறிக்கொண்டாள்.

பாலரட் தாண்டி கிளெனெல்க் நெடுஞ்சாலை. டங்கெல்ட் அருகே வடக்கில் கிராம்பியன்ஸ் மலை நீலமாக எழும்பும். ஹாமில்டனுக்கு அப்புறம் இரண்டு பக்கமும் ஆடு, ஆடு, ஆடு. கிளெனெல்க் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறது காஸ்டர்ட்டன். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். கெல்பி நாயின் பிறந்த ஊர் என்பதுதான் அதன் பெருமை. ஊருக்குள் கெல்பிக்குச் சிலை உண்டு.

1870-களின் தொடக்கத்தில், பக்கத்திலிருந்த வாரக் பண்ணையில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த கோலி வகை நாய்களுக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது. ஜாக் கிளீசன் என்ற அயர்லாந்துக்காரருக்கு அதன் மேல் ஆசை. பண்ணைக்காரர் பெண்குட்டிகளை விற்க மாட்டார். ஒருநாள் இரவு ஆற்றங்கரையில் வைத்துத் தன் குதிரையையே கொடுத்துக் குட்டியை வாங்கிக்கொண்டார் என்று ஊர்க்கதை. ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் ஆற்றில் வாழும் குதிரை ஆவி ஒன்று உண்டு. அதன் பெயரையே வைத்தார்: கெல்பி. அவளுடைய மகள் 1879-இல் நியூ சவுத் வேல்ஸ் ஃபோர்ப்ஸ் ஊர் ஆட்டுநாய்ப் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டாள். அந்த வம்சத்துக்கே தாயின் பெயர் நிலைத்துவிட்டது.

ஊர்த் திருவிழாவுக்குக் கெல்பி மஸ்டர் என்று பெயர். மஸ்டர் என்றால் இங்கே ஆடுமாடுகளை ஓட்டி ஓரிடத்தில் சேர்ப்பது. சனிக்கிழமை விளையாட்டுகள்: 50 மீட்டர் ஓட்டம், குன்று ஏறுதல், உயரம் தாண்டுதல். உயரம் தாண்டுதலில் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். நாய் ஓடிவந்து, தாவி, நகத்தால் பற்றி மேலே ஏறணும். ஆளுயரத்தைத் தாண்டியும் ஏறுகிறது. ஜூன் மாதக் குளிர், தூறல், மதியம் மூன்று மணிக்கே மங்கிய வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200 வைத்தும் 1/800-க்கு மேல் போக முடியவில்லை. மேல் பலகையின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து, முன்னங்கால் விளிம்பைத் தொடும் நேரத்துக்குக் காத்திருந்தேன். ஆர்ச்சர்ட் ஹில்ஸில் கற்ற பாடம் அங்கே சோறு போட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலை நாய்களின் ஏலம். விலை பேசும் முன்னால் ஒவ்வொரு நாயும் ஆட்டு மந்தையோடு வேலை செய்து காட்ட வேண்டும். திறந்த வெளியில் சத்தமே இல்லை. நாய் தூரமாக வட்டம் சுற்றிப் போய் மந்தைக்குப் பின்னால் படுத்தது. ஒரு அடி எழுந்தது. ஆடுகள் ஒரு அடி நகர்ந்தன. அது நின்றது, அவையும் நின்றன. இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டியது போல. பட்டிக்குள் வேறு வேலை: ஆடுகள் நெருக்கியடித்து வாசலில் சிக்கிக்கொண்டால் கெல்பி அவற்றின் முதுகு மேலேயே ஓடி முன்னால் போய் வழியைத் திறக்கிறது. அந்தக் காட்சி எனக்கு ஒரு படமாகக் கிடைத்தது. கம்பளிக் கடல் மேல் சிவப்பு நாய் ஒன்று, நாலு காலும் தெளிவாக.

அம்மா காருக்குள் இருப்பாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வேலிக்கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"ஏய்யா, எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சதும் கீதாரிக கிடை போட வருவாக. ஐநூறு ஆடு இருக்கும். நாயும் வரும், ஆனா அது ராத்திரிக் காவலுக்கு. ஓட்டுறது, வளைக்கிறது எல்லாம் மனுசந்தான். தொண்டை கிழியக் கத்தணும். இங்க என்னடான்னா நாயே கீதாரியாவுல்ல இருக்கு!"

அரை மணி நேரம் நின்றாள். ஒரு நாய்க்கு முப்பதடி தூரத்தில் அம்மா தானாக நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாயைப் பிடித்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அன்று அவள் பார்த்தது வேலை. வேலை தெரிந்தவரை அம்மா மதிப்பாள்.

அந்த முதுகுமேல் ஓடும் படத்தை அன்றிரவே மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னாள். 14 ஊசி போட்டுக்கொண்ட அதே மாமாதான். "நாய்க் கீதாரி" என்று தலைப்பும் அவளே சொன்னாள். மாமா அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பக் கேட்டிருக்கிறார்.

சவுத்பேங்க்: வேஷம்

செப்டம்பரில் மறுபடி மெல்பன். யாரா நதிக்கரையில், சவுத்கேட்டில் இருக்கும் ஹாப்ஹாஸ் என்ற ஜெர்மன் உணவகம் நடத்தும் டாக்ஷண்ட் ஓட்டம். தெக்கல்ரென்னன் என்று ஜெர்மன் பெயர். தெக்கல் என்றால் டாக்ஷண்ட், ரென்னன் என்றால் ஓட்டம். நம்ம பிள்ளைகள் சாசேஜ் டாக் என்று சொல்லும் அதே குட்டைக்கால் நாய்தான். வளை தோண்டி வாழும் பிராணிகளை உள்ளே போய் விரட்ட அந்த உடம்பு. ஓட்டப் பந்தயத்துக்கு ஏற்ற உடம்பு இல்லை என்பதுதான் இங்கே சுவாரசியம்.

இந்தப் பக்கம் ஒருவர் பிடித்திருப்பார், அந்தப் பக்கம் சொந்தக்காரர் கூப்பிடுவார். விட்டதும் ஒன்று நேராக ஓடும். இன்னொன்று பாதியில் நின்று கூட்டத்தைப் பார்க்கும். வேறொன்று திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. உடை அணிவகுப்பும் உண்டு. நின்றபடி எடுத்தால் முதுகுதான் விழும். தரையில் குப்புறப் படுத்து, கேமராவைக் கல்லின் மேல் வைத்தேன். அந்த உயரத்தில்தான் அதற்கு முகம் இருக்கிறது. தரையில் கிடக்கும் அப்பனைப் பார்த்து மகளும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஒரு டாக்ஷண்ட் வந்து அவள் காதை நக்கிவிட்டுப் போனது. அலறவில்லை. "கேக்காமலே நக்கிருச்சு!" என்று மட்டும் புகார்.

அக்டோபரில் சிட்னியில் எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் நாய்களுக்கு மாறுவேடப் போட்டி. நல்ல வெயில். வண்டு வேஷம் கட்டிய ஒரு பக் நாயை எடுத்தேன்: மஞ்சள் கறுப்புச் சட்டை, தலையில் ஆடும் கொம்பு, வாயைத் திறந்து நாக்கை நீட்டி, கண்ணை விரித்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த வருஷத்தில் நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான் என்று நினைத்தேன். சொந்தக்காரரும் ஈமெயில் கொடுத்துப் படம் கேட்டிருந்தார். அன்றிரவு கணினித் திரையில் பெரிதாகப் போட்டு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டேன்.

மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, அது சிரிக்கலை."

"சிரிக்குதே, நாக்கப் பாரு."

"காதப் பாருங்க. கண்ணு ஓரத்துல வெள்ளை தெரியுது. டீர்ஹவுண்ட் மாதிரி வேணாம்னு சொல்லுது. யாரும் கேக்கல."

முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் திறந்தேன். பத்துப் படத்தில் நாலில் உதட்டை நக்குகிறது. ஒன்றில் கொட்டாவி. இரண்டில் முகத்தைத் திருப்புகிறது. வால் உள்ளே. இவையெல்லாம் நாய் பதற்றத்தில் செய்வது. எனக்கு அப்போது நன்றாகவே தெரியும். மூச்சிரைப்பும் வெயிலால். தட்டை மூக்கு நாய்களுக்குச் சூடு சீக்கிரம் தாங்காது. காற்றில் தாவும் நாயின் காதைப் படிக்கத் தெரிந்தவன், படம் நன்றாக இருக்கிறது என்றதும் கண் முன்னால் இருந்ததைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

அந்தத் தொகுப்பின் கடைசியில் இன்னொரு படம் இருந்தது. போட்டி முடிந்து சட்டையைக் கழற்றியதும் அந்த நாய் புல்லில் மல்லாந்து உருளுகிறது. கொஞ்சம் ஆடிய படம். இரண்டையும் சேர்த்து அனுப்பி, முதல் படத்தில் அது கொஞ்சம் மிரண்டிருப்பது போல என் மகளுக்குத் தோன்றியது என்று ஒரு வரி எழுதினேன். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான். பதில் வந்தது: இரண்டாவது படத்தைப் பிரேம் போட்டிருக்கிறோம், நன்றி. முதல் படத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் அதை யாருக்கும் காட்டவில்லை.

வேஷமே தப்பு என்று சொல்லவில்லை. சவுத்பேங்கில் வேஷத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த நாய்களையும் பார்த்தேன். ஒரு நாய்க்குச் சரி, இன்னொன்றுக்கு இல்லை. நவராத்திரிக்கு நம்ம பிள்ளைகளுக்குக் கிரீடமும் ஜரிகையும் மாட்டி, அழுகிற முகத்தோடு "சிரி, சிரி" என்று படம் எடுக்கிறோமே, அதையும் அன்றிரவு யோசித்தேன்.

இரண்டு ஊர், இரண்டு விதி

இந்த டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். மகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: அங்கே தெருநாயிடம் கேட்கச் சொந்தக்காரர் இல்லை, அதனால் தொடுவது கிடையாது. கிட்ட வந்தால் ஓடாதே, கத்தாதே. கையை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி மரம் மாதிரி நில். கடித்தாலோ கீறினாலோ, சின்னக் கீறலாக இருந்தாலும், உடனே எங்களிடம் சொல். சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிஷம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது அது தொப்புளில் இல்லை, கையில்தான். பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தடுப்பூசி பற்றித் தெரிந்துகொள்வதும் நல்லது. அம்மா சொன்னது அந்த ஊருக்குச் சரி. அதை மகளிடம் மாற்றிச் சொல்லவில்லை; எந்த ஊருக்கு எது என்று மட்டும் பிரித்துச் சொன்னேன்.

இந்தப் பிப்ரவரியில் அதே தோழிக்குப் பிறந்தநாள். அதே கேட், அதே லாப்ரடார். மகள் நின்றாள். கையைத் தொங்கப்போட்டாள். அந்த அம்மாவிடம் கேட்டாள். நாய் வந்து மோந்தது, விலாவைத் தடவினாள். உள்ளே போகும்போது திரும்பி, "அப்பா, அது ஓகே சொல்லுது. நீங்களும் வாங்க" என்றாள்.

என் கை கொஞ்சம் நடுங்கியது. லாப்ரடார் அதை மோந்து பார்த்துவிட்டு, கேக் இருக்கும் பக்கம் போய்விட்டது.